செக் எஞ்சின் விளக்கும் தெப்பக்காட்டுக் காற்றும்

தெப்பக்காடு என்றதும் எல்லோருக்கும் யானைதான் ஞாபகத்துக்கு வரும். மாயாற்றில் யானைகள் குளிப்பது, முகாமில் ராகிக் களி உருண்டையை வாயில் வாங்கிக்கொள்வது, 2023-இல் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கிய பிறகு பொம்மன், பெள்ளி பெயரை விசாரித்துக்கொண்டு வருகிற கூட்டம்... ஆனால் இந்தக் கட்டுரை யானையைப் பற்றியது இல்லை (கடைசியில் ஒரு யானை டாக்டர் வருவார், அதுவரை பொறுக்கவும்). அதே தெப்பக்காட்டில் நின்று மூச்சு வாங்குகிற இன்னொரு ஜீவனைப் பற்றியது. கார்!

மைசூர் பக்கமிருந்து வருகிற சாலை தெப்பக்காட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கூடலூர், நடுவட்டம், பைக்காரா என்று சுற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போகும். இன்னொன்று மசினகுடி வழியாகப் போய், கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகளில் விறுவிறுவென்று ஏறி ஊட்டியைத் தொடும். தெப்பக்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். அதாவது கொஞ்ச தூரத்துக்குள் 1,300 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது ரோடு. இந்த ஏற்றத்தில் டிரைவருக்கு என்ன ஆகிறதோ இல்லையோ, எஞ்சினுக்குள் போகிற காற்று மெலிந்துகொண்டே போகிறது. மற்ற நாளில் சும்மா இருந்த கோளாறெல்லாம் அப்போதுதான் தலைதூக்கும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும்.

அதற்குப் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகுவார்கள். திரையில் பி0113 என்றோ பி0106 என்றோ பி0101 என்றோ வரும். பக்கத்திலேயே இன்ன சென்சார் என்று பெயரும் வரும். "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடும். ஒரே நிமிடத்தில் கேஸ் முடிந்தது. சில ஆயிரம் ரூபாய் கைமாறும். பல சமயம் அடுத்த வாரமே அதே விளக்கு மறுபடி எரியும்.

இங்கேதான் தகராறு. ஸ்கேனரில் வரும் குறியீடு தீர்ப்பு அல்ல, புகார். ஸ்டேஷனில் ஒருவர் வந்து "என் பக்கத்து வீட்டுக்காரன்மேல் சந்தேகம்" என்று எழுதிக் கொடுத்தால், விசாரிக்காமலே பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போடுவார்களா? காரில் அதைத்தான் செய்கிறார்கள், அதுவும் கார்க்காரர் செலவில்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கார்புரேட்டர் காலத்தில் காற்றை யாரும் அளக்கவில்லை. காற்று உள்ளே போகும் வேகத்தில் பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டது. மலை ஏறினால் காற்று குறையும், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது, வண்டி கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு இழுக்காமல் திணறும். பழைய டிரைவர்கள் அதற்கென்று கார்புரேட்டரில் கை வைத்துச் சரிசெய்வார்கள். எரிபொருளைக் கணக்குப் போட்டுப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்த பிறகுதான் "எவ்வளவு காற்று உள்ளே போகிறது" என்பது கேள்வி ஆனது. 1967-இல் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் 1600 காருக்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக் முறையில் 'டி' என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தம் என்ற சொல்லின் முதல் எழுத்து. உள்குழாயில் காற்றின் அழுத்தத்தை அளந்து அதிலிருந்து காற்றின் அளவைக் கணக்கிட்டார்கள். இன்றைக்கு நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்களில் பலவற்றில் இருப்பது அதே தத்துவம்தான், மேப் சென்சார். டீசல் கார்களில் பெரும்பாலும் வேறு வகை. சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பியோ படலமோ காற்றோட்டத்தில் இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும். அந்தச் சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதிலிருந்து காற்றின் எடை தெரிந்துவிடும். இது மாஃப் சென்சார். மூன்றாவதாக, வரும் காற்று எவ்வளவு சூடு என்று சொல்ல ஒரு ஐஏடி சென்சார். சூடான காற்று லேசானது, குளிர்ந்த காற்று கனமானது. அதனால் அதுவும் கணக்கில் சேரவேண்டும்.

அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து எல்லா கார்களுக்கும் பொதுவான குறியீட்டு முறை கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-இல் ஓபிடி-1 வந்தது, 2013-இல் ஓபிடி-2. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6. ஆகவே இன்று மலையில் ஓடும் சுமாரான வயதுள்ள எந்தக் காரிலும் இந்தக் குறியீடு உண்டு. பி என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்தது. அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அதற்கடுத்த 1, காற்றும் எரிபொருளும் அளக்கும் பகுதி. 100-இல் தொடங்குபவை மாஃப், 105-இல் தொடங்குபவை மேப், 110-இல் தொடங்குபவை ஐஏடி. இதெல்லாம் யாரும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. (என்ஜினீயரிங் தேர்வில் 'மேப் சென்சார் என்றால் என்ன' என்பது இரண்டு மார்க் கேள்வி. இரண்டு மார்க்கோடு அதை மறந்துவிடுவதுதான் வழக்கம்.)

சரி, முதலில் சுலபமான கேஸ். பி0113. ஐஏடி சர்க்யூட், ஹை. இந்த மூன்று சொல்லில் இரண்டு சொல் கேட்பவர் காதில் விழுவதே இல்லை. 'ஐஏடி' மட்டும் விழுகிறது, உடனே 'சென்சார்' என்று தானாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். குறியீடு சொல்வது சர்க்யூட். சென்சார், அதன் கப்ளர், இரண்டு வயர், மறுமுனையில் கம்ப்யூட்டர், எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். அடுத்து 'ஹை' என்பது சூடு அதிகம் என்று அர்த்தமில்லை, வோல்டேஜ் அதிகம். இந்த சென்சார் சூடு ஏறினால் மின்தடை குறைகிற வகை. குளிர்ந்தால் தடை ஏறும், வோல்டேஜும் ஏறும். ஆகவே 'ஹை' என்றால் கம்ப்யூட்டருக்குத் தெரிவது பயங்கரக் குளிர்!

எவ்வளவு குளிர்? ஸ்கேனரில் லைவ் டேட்டா போட்டுப் பார்த்தால் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். தெப்பக்காட்டில் மைனஸ் 40! ஊட்டியில் ஜனவரி விடியலில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற நாளில்கூடப் பூஜ்யத்தைச் சுற்றித்தான் இருக்கும். யானை சைபீரியாவில் மேய்வதில்லை. ஆகவே இது அளவீடே இல்லை, ஒரு முனை திறந்து கிடக்கிறது என்பதற்கான அடையாளம். சென்சாருக்குள் கம்பி அறுந்திருக்கலாம், கப்ளர் கழன்றிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். இவற்றில் எது என்று கண்டுபிடிக்கச் சின்ன வயர் துண்டு ஒன்று போதும். சென்சாரின் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனையையும் அந்தத் துண்டால் சேர்க்கவேண்டும் (சென்சார் தனியாக, இரண்டே வயரோடு உள்ள வண்டியில் மட்டும். மேப், மாஃப் சென்சாரோடு சேர்ந்து வருவதில் எந்த முனை எது என்று படம் பார்க்காமல் கை வைக்கக்கூடாது). லைவ் டேட்டாவில் மைனஸ் 40 ஒரேயடியாக நூறைத் தாண்டிய சூட்டுக்குப் பாய்ந்தால் வயரும் கம்ப்யூட்டரும் நல்லவை. குற்றவாளி சென்சார்தான், அல்லது கப்ளரில் சரியாகத் தொடாத பின். பாயவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. அந்த நிலையில் புது சென்சார் போட்டு என்ன பயன்? இதற்கு நேர் எதிர் கேஸ் பி0112. அதில் காற்று கொதிக்கிறது என்று காட்டும். கப்ளரைக் கழற்றினாலே போதும். மைனஸ் 40-க்கு இறங்கினால் சென்சாருக்குள் ஷார்ட், இறங்காவிட்டால் வயரில் ஷார்ட். ஐந்து நிமிட வேலை.

இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஆயிரக்கணக்கில் செலவு செய்யப்படுகிறது.

காட்டோரம் நிறுத்தும் வண்டிகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. எலி. நாலு நாள் ஓடாமல் நின்ற வண்டியின் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் இலை, பஞ்சு, துணி என்று மெத்தை போட்டுக் குடித்தனம் நடத்துவதும், பக்கத்தில் போகும் வயரைக் கடித்து வைப்பதும் எலிக்கு அன்றாட வேலை. பானெட்டைத் திறந்து கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயம். ஆனால் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஸ்கேனரைச் சொருகிவிடுவதால், திரையில் உள்ளதே உண்மை என்று ஆகிவிடுகிறது. ஸ்கேனருக்கு எலியைத் தெரியாது.

அடுத்து மேப் சென்சார். இதில்தான் தெப்பக்காடு மாதிரி ஓர் இடம் மெக்கானிக்குக் கிடைத்த வரப்பிரசாதம். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் விட்டால், உள்குழாயில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமேதான். மேப் சென்சார் அதைத்தான் காட்டவேண்டும். சென்னைக் கடற்கரையில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். தெப்பக்காட்டில் 91-ஐ ஒட்டி இருக்கும். ஊட்டியில் 77-க்கும் 79-க்கும் நடுவில். வானிலையால் ஒன்று முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். இதற்கு வேறு கருவியே வேண்டாம், அந்த மலையே கருவி. தெப்பக்காட்டில் நிற்கும் காரின் மேப் சென்சார், எஞ்சின் ஓடாதபோது 91 காட்டினால் அது உண்மை பேசுகிறது. 101 காட்டினால் பொய், அல்லது சென்சார் பேச்சையே கேட்காமல் கம்ப்யூட்டர் தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறது (கோளாறு தெரிந்ததும் சில கார்கள் இப்படிச் செய்யும், கவனம்). பாரோமீட்டர் உள்ள செல்போன் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடவேண்டும். சமவெளியில் நல்ல எஞ்சினில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் வரை இறங்கும். எஞ்சின் ஓடும்போதும் எண் இறங்காமல் வெளிக்காற்றின் அளவிலேயே நின்றால் சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கழன்றிருக்கலாம், துவாரத்தில் கரி அடைத்திருக்கலாம். இறங்குகிறது, ஆனால் அறுபதில் நின்று ஐடிலிங் எகிறுகிறது என்றால் எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது. இந்த மூன்றிலும் சென்சார் நிரபராதி. ஆனாலும் பெயர் வருவது சென்சார் பெயர்தான். பாவம், கெட்ட சேதி கொண்டு வந்த தூதனை வெட்டுகிற ராஜா கதை!

மாஃப் சென்சார் கதை இன்னும் சுவாரசியம். இங்கே மலையே ஒரு நல்ல சென்சாரைக் குற்றவாளி ஆக்கிவிடும். 1,248 சிசி டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காலத்தில் ஊரெல்லாம் டாக்ஸியாக ஓடியது அதுதான். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் 400 தடவை. ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர், நொடிக்கு எட்டேகால் லிட்டர் காற்று. சென்னை வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.16 கிராம். ஆக நொடிக்கு 9.7 கிராம் போகும். அதே எஞ்சின், அதே 800 சுற்று, தெப்பக்காட்டில் 25 டிகிரியில் 8.9 கிராம்கூட வராது. ஊட்டிக் குளிரில் 7.9-தான். (இது சிலிண்டர் முழுசாக நிரம்புகிறது, புகையைத் திருப்பி உள்ளே விடும் வால்வு மூடியிருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் இன்னும் குறையும். ஆனால் மூன்று ஊருக்கும் இடையில் உள்ள விகிதம் மாறாது.)

இப்போது கீழே சமவெளியில் "ஐடிலிங்கில் ஒன்பதுக்கு மேல் காட்டினால்தான் நல்ல சென்சார்" என்று ஒருவர் பழகியிருக்கிறார் என்று வையுங்கள். அவர் ஊட்டியில் ஒரு காரைத் திறந்து பார்க்கிறார். எட்டுக்கும் கீழே காட்டுகிறது. "குறைவா காட்டுது, போச்சு" என்று எழுதிவிடுவார். சென்சார் சொன்னதோ நூற்றுக்கு நூறு உண்மை! மலைக்காற்று மெலிந்தது என்று அது சொல்கிறது, கேட்கிறவர்தான் சமவெளிக் காதோடு கேட்கிறார். எந்த எண்ணையும் இடத்தையும் உயரத்தையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

உண்மையிலேயே கோளாறு இருக்கும்போதும் மாஃப் குறியீடு திசைதிருப்பும். மாஃப் சென்சார் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸ் ஒன்று போகும். அந்த மடிப்பில் ஒரு கீறல் விழுந்தால், அளக்கப்படாத காற்று பின்வாசல் வழியாக உள்ளே போகும். சமதளத்தில் ஐடிலிங்கில் நிற்கும்போது கீறல் மூடியே இருக்கும். கல்லட்டி வளைவில் ஃபர்ஸ்ட் கியரில் முழு இழுவையில் ஏறும்போது எஞ்சின் தன் மவுண்டிங்கில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும் இல்லையா, அப்போது ஹோஸ் இழுபட்டுக் கீறல் வாய் பிளக்கும். விளக்கு எரியும். மேலே போய் ஒர்க்‌ஷாப் முன்னால் நிறுத்தினால் மறுபடி மூடிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு ஹோஸ் நன்றாக இருக்கிறது, சென்சார் பெயர் திரையில் இருக்கிறது, அப்புறம் என்ன? கையால் அந்த மடிப்புகளை விரித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். மாசி, பங்குனியில் மசினகுடி பக்கத்து மண்பாதைகளில் ஓடிய வண்டி என்றால் ஃபில்டரில் அடைத்த புழுதியையும், கம்பியில் படிந்த தூசியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தூசி படிந்த சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்தாலே பல சமயம் பிழைத்துக்கொள்ளும். விரலோ துணியோ பட்டால் செத்துப்போகும்.

இவ்வளவு சொன்னதும் மெக்கானிக்குகளைத் திட்டுவது போலத் தோன்றலாம். அது நியாயம் இல்லை. அவர் பக்கமும் யோசிக்கவேண்டும். சென்சாரை மாற்றினால் பில் போடலாம். அரைமணி நேரம் மல்டிமீட்டரோடு குனிந்து நின்று "உங்கள் சென்சார் நன்றாக இருக்கிறது, இந்த கிளாம்ப்தான் லூஸ்" என்று சொன்னால் எத்தனை பேர் அதற்குக் காசு கொடுப்பார்கள்? "ஸ்க்ரூ முடுக்கினதுக்கு ஐந்நூறா?" என்றுதான் கேட்பார்கள். பாகத்துக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்கமாட்டோம் என்று கார்க்காரர்கள் முடிவு செய்தபிறகு, மெக்கானிக் பாகத்தை விற்காமல் என்ன செய்வார்? டாக்டரிடம் போய் மருந்து எழுதாவிட்டால் ஃபீஸ் கொடுக்க முகம் சுளிக்கிற அதே பழக்கம்தான் இங்கேயும். ஆகவே தப்பில் பாதி சாவியைக் கையில் வைத்திருப்பவருடையது. "என்ன கோடு வந்தது?" என்று கேட்பதோடு "எதை டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க?" என்றும் கேட்டு, அந்த டெஸ்டுக்குத் தனியாகக் கூலி கொடுக்கிற வழக்கம் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மலையில் இது வெறும் பணக்கணக்கும் இல்லை. தெப்பக்காட்டில் பெரிய ஒர்க்‌ஷாப் கிடையாது. கூடலூருக்கோ ஊட்டிக்கோ போகவேண்டும். காட்டு ரோட்டில் நினைத்த இடத்தில் நிறுத்தி பானெட்டைத் திறக்கவும் முடியாது, திறந்தால் பின்னால் யார் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. கர்நாடகப் பக்கம் பந்திப்பூர் வழியாகப் போகும் ரோடு 2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்கு மூடல். சீசனில், ஏப்ரல் மே மாதத்தில் ஒரு டாக்ஸிக்காரர் தவறான சென்சார் ஒன்றுக்காக இரண்டு நாள் வண்டியை நிறுத்தினால், அது அவர் வருஷ வருமானத்தில் கை வைக்கிற விஷயம். சம்பளக்காரருக்கு அது ஒரு எரிச்சல், அவருக்கு அது தவணை.

அவசரத்தில் செய்யும் இன்னொரு தப்பையும் சொல்லவேண்டும். சில நூறு ரூபாய்க்கு இப்போது புளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது, செல்போனிலேயே குறியீட்டைப் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் பார்த்த கையோடு 'அழி' என்ற பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும், மனசுக்கு நிம்மதி. கூடவே அழிந்து போவது, குறியீடு பதிவான கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடு, என்ன வேகம், எவ்வளவு லோடு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பதிவு. இருபது கிலோமீட்டர் வேகம், லோடு மிக அதிகம் என்று அதில் இருந்தால், இது ஏற்றத்தில் நடந்தது என்று தெரியும், கை நேராக அந்த ஹோஸுக்குப் போகும். அதை அழித்துவிட்டு மெக்கானிக்கிடம் போவது, திருடு போன வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுவது போலத்தான். (விளக்கு எரியாமல் விட்டுவிட்டு மினுக்கினால் மட்டும் கதை வேறு. அது எஞ்சினில் சரியாக எரியாத பெட்ரோல் வெளியே போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்ற எச்சரிக்கை. அப்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, பத்திரமான இடம் பார்த்து ஓரங்கட்டவேண்டும்.)

யானை டாக்டருக்கு வருவோம். தமிழ்நாடு வனத்துறையில் கால்நடை மருத்துவராக இருந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை மூலம் நிறையப் பேருக்குத் தெரிந்தவர். முதுமலை யானைகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். காட்டில் ஒரு யானை செத்துக் கிடந்தால் வெளியிலிருந்து பார்த்து ஏதோ ஒரு காரணத்தை எழுதி முடிப்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அழுகி நாறினாலும் அறுத்துப் பார்த்துத்தான் காரணம் எழுதவேண்டும் என்று நின்றவர். ஒரு காயம் தெரிகிறது என்பதற்காக அதுதான் சாவுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. உள்ளே குண்டு இருக்கலாம், நோய் இருக்கலாம். முகாமில் உள்ள பாகனுக்கும் காவடிக்கும் இது தெரியும். யானை களி உருண்டையைத் தள்ளிவிட்டால் வாயில் கோளாறு என்று முடிவு கட்டமாட்டார்கள். பிண்டத்தைப் பார்ப்பார்கள், காலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். யானையின் வாயை யாரும் புதுசாக வாங்கி மாட்ட முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்! பாகம் கடையில் கிடைக்கிறது என்பதாலேயே காரைப் பார்ப்பதில் இந்தப் பொறுமை போய்விட்டது.

மலைக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. விளக்கு எரியாவிட்டாலும் செய்து வைக்கலாம். தெப்பக்காட்டில் வண்டியை நிறுத்தும் இடத்தில், சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் மேப் அல்லது பாரோமெட்ரிக் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். வண்டி ஆறியிருக்கும் காலை நேரம் என்றால் ஐஏடியையும் கூலன்ட் சூட்டையும் குறிக்கவேண்டும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். பிறகு கல்லட்டி ஏறி, ஊட்டியில் எஞ்சினை அணைத்து, மறுபடி சாவியை ஆன் செய்து அதே அழுத்தத்தைக் குறிக்கவேண்டும். (அணைத்துப் போடுவது முக்கியம். சில பழைய கார்களில் கம்ப்யூட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சாவி போடும்போதும், ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தும்போதும் மட்டும்தான் புதுப்பித்துக்கொள்ளும்.) கீழே 91, மேலே 78 என்று தாளில் இருந்தால், பிறகு என்றைக்காவது பி0106 வந்து ஒருவர் மேப் சென்சாரை மாற்றச் சொன்னால், அன்றைக்கு எடுத்த எண்ணையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலில் ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம்.